அரை மீட்டர் விவகாரம்

டென்மார்க்கில் உயரம் என்பது தட்டுப்பாடான சரக்கு. நாட்டிலேயே உயர்ந்த இயற்கை மேடு மோல்லெஹோய், கடல்மட்டத்திலிருந்து 170.86 மீட்டர். அந்தப் பட்டமும் 2005-இல் அளந்து பார்த்த பிறகுதான் அதற்குக் கிடைத்தது. பக்கத்து மேடான ஏயர் பாவ்னெஹோய் மீது 1924-லேயே 13 மீட்டர் கோபுரம் கட்டியாகிவிட்டது. பார்த்தால், கோபுரம் நிற்கிற மேடு 51 சென்டிமீட்டர் குட்டை. மூன்றாவது போட்டியாளரான யூதிங் ஸ்கோவ்ஹோய் 9 சென்டிமீட்டரில் கோட்டைவிட்டது. அதன் உச்சியிலிருக்கும் வெண்கலக் காலப் புதைமேட்டைச் சேர்த்தால் அதுதான் முதலிடம். ஆனால் மனிதர் குவித்த மண் கணக்கில் வராதாம்.

இப்படி அரை மீட்டருக்கு அளவுகோலைத் தூக்குகிற நாட்டில், ஹெர்னிங் நகரத்து யாழ்ப்பாணத்தார் ஒருவர் தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்த பொம்மை ஹெலிகாப்டரை அரை மீட்டர் உயரத்தில் நிறுத்திவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். மகனுக்கென்று வாங்கியது, ரிமோட் மட்டும் தகப்பன் கையில்.

இடது குச்சியை மேலே தள்ளினால் விசிறிகள் இரைந்தன. ஹெலிகாப்டர் கம்பளத்தின் மேல் தத்தித் தத்தி நகர்ந்ததே தவிர எழும்பவில்லை. இன்னும் ஒரு நூல் தள்ளினார். விர்ரென்று கூரையைத் தொட்டது. பதறிக் குச்சியை இழுத்தார். கல் மாதிரி விழுந்தது.

“அப்பா, மெல்லமா இறக்குங்கோ!”

“இறக்கத்தானே பாக்கிறன், அது கேட்டால்தானே!”

அது கேட்காததற்குக் காரணம் உண்டு. பெரிய ஹெலிகாப்டரில் விசிறியின் வேகம் ஏறக்குறைய மாறாது. இறக்கைகளின் சாய்வைக் கூட்டிக் குறைத்துத்தான் ஏற்றி இறக்குவார்கள். ஆரம்பப் பாட ஹெலிகாப்டர்களில் சாய்வு நிலையானது. உயரம் வேண்டுமென்றால் மோட்டார் வேகம் பிடிக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்த கை இன்னொரு தள்ளுத் தள்ளிவிடும். இரண்டு உத்தரவும் சேர்ந்து போய்ச் சேரும்போது கூரை வந்துவிடும். விசிறியின் விட்டமளவு உயரம் வரை தரைக்கும் விசிறிக்கும் நடுவில் காற்று மெத்தை வேறு. அது கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், ஆனால் நிலையாக நிற்க விடாது. மெத்தையைத் தாண்டி மார்பளவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதே சுலபம். தரைக்குப் பக்கத்தில் பறப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிற புதியவர்களுக்கு இது புரிய நாளாகும்.

இந்த மெத்தையில் மிதந்த டேனிஷ்காரர் ஒருவர் வரலாற்றிலேயே இருக்கிறார். மணிக்கூடு திருத்தப் பழகிய யாகோப் எல்லெஹாமர், 1906 செப்டம்பர் 12 அன்று லிந்தோல்ம் என்ற குட்டித் தீவில் தம் விமானத்தை ஒரு கம்பத்தில் கட்டி, வட்டமாக ஓட்டி, 42 மீட்டர் தூரம் பறந்தார். உயரம்? அரை மீட்டர்தான். கட்டிப்போட்ட விமானம் பறந்ததாகுமா என்று வம்பளந்தவர்கள் உண்டு. மனிதர் அசரவில்லை. 1912-இல் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரண்டு விசிறிகளோடு ஹெலிகாப்டர் ஒன்றைக் கட்டித் தரையை விட்டுக் கிளப்பினார். ஹெர்னிங் வரவேற்பறையில் தத்திய பொம்மைக்கும் இதே இரட்டை விசிறி ஏற்பாடுதான். 1916-இல் எல்லெஹாமரின் இயந்திரம் கிளம்பிய கையோடு சாய்ந்து, விசிறிகள் தரையில் அடிபட்டு உடைந்தது. அவரிடம் உதிரிப் பாகப் பொட்டலம் இருந்திருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

உதிரி விசிறிகள் இந்தத் தகப்பனிடம் இருந்தன; தேவையும் வந்தது. டேனிஷ் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே விளக்கைத் தாழத் தொங்கவிடுவார்கள். சாப்பிடுகிறவர்களுக்கு இதம், பறக்கிறவற்றுக்கு எமன். விளக்கில் மோதி விழுந்து, விசிறி மாற்றி, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்தும் ஹெலிகாப்டர் எழும்ப மறுத்தது. 4.2 வோல்ட்டில் தொடங்கும் பேட்டரி இறங்க இறங்க, குச்சி அசையாமலே உயரம் குறையும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இது புது சார்ஜ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கீழ் விசிறியின் அடியில், தண்டைச் சுற்றி, நூல்கண்டு போல நீளமான தலைமயிர் ஒன்று இறுகிக் கிடந்தது. அது யாருடையது என்ற விசாரணையில் வீட்டிலிருந்த பெண்கள் இருவரும் ஒத்துழைக்கவில்லை. ஊசியால் கிளறி எடுத்ததும் விசிறி சுகமாகச் சுழன்றது.

அடுத்த பிறந்தநாளுக்கு மகனே ஆராய்ந்து தேர்ந்தெடுத்தது, காற்றழுத்தமானி உள்ள புது மாதிரி. குச்சியை நடுவில் விட்டால் உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், 8 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 பாஸ்கல். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத் தன் உயரத்தை ஊகிக்கிறது அந்தச் சில்லு. முதல் நாள் கண் மட்டத்தில் அசையாமல் நின்றதைப் பார்த்துத் தகப்பனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பிறகு, யாரும் தொடாமலே அது மெல்லக் கீழே இறங்கியது. குச்சி நடுவில், பேட்டரி முழுசு, தண்டில் மயிரும் இல்லை. குளிருக்காக இண்டு இடுக்கில்லாமல் அடைத்த டேனிஷ் வீடு அது. குசினியில் புகைபோக்கி மின்விசிறியைப் போட்டால் உள்ளே அழுத்தம் ஐந்தாறு பாஸ்கல் இறங்கிவிடும். ஹெலிகாப்டரோ தான்தான் மேலே போய்விட்டதாக நினைத்து அரை மீட்டர் பதிகிறது.

அவர் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: “இஞ்சேரும், அந்த மீனை ஒரு பத்து நிமிசம் பிந்திப் பொரியுமன்!”

“ஏனப்பா, ஹெலிகொப்டருக்கும் மீன் வேணுமாமோ?”