பாட்டுக்கு அப்பால்

கேள்வி: ஒரே பாட்டால் பிரசித்தி பெற்ற பழைய பாப் பாடகர்களைப் பேட்டி காண்பவர்கள் அந்தப் பாட்டைத் தவிர வேறெதையும் கேட்பதில்லையே, ஏன்?
(வாசகி ஒருவர், லோத்குண்டா, ஹைதராபாத்)

பதில்: பிள்ளையை மட்டும் கொஞ்சிவிட்டுப் பெற்றவரைத் திண்ணையிலேயே நிறுத்திவைப்பது மரியாதையன்று, அம்மணி! 'சின்ன மாமியே' தந்த நித்தி கனகரத்தினத்திடம், போர்த்துகீசியர் காலத்துத் தொடர்பால் இலங்கைக் கரையில் வேரூன்றிய பைலா தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ் இத்தனை சுபாவமாக எப்படி உட்கார்ந்தது என்று கேட்கலாம். 45 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிஷங்களே அடங்கிய அந்நாளில், எந்தச் சரணத்தை மனமில்லாமல் வெட்டினார்கள், கிதாரை மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் அக்காலத்துப் பாடகர்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? 'சுராங்கனி' புகழ் ஏ.ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். எவரும் கேளாத விஷயங்கள் எத்தனையோ அவரோடு போய்விட்டன என்பதே என் துக்கம். கன்டோன்மென்ட்டை ஒட்டிய உங்கள் பேட்டையில் அந்நாளில் ராணுவ மெஸ் விருந்துகளில் வாசித்த கிதார்க்காரர் எவரேனும் இருந்தால், இந்த ஞாயிறே போய், முதல் கிதாரை யாரிடம் வாங்கினீர்கள் என்று ஆரம்பியுங்கள்.