ஒற்றை விரல் ஸ்டியரிங்

எங்கள் ஜீப்புக்குச் சாவி என்று ஒன்று உண்டு. ஆனால் பீரோ சாவி, சைக்கிள் சாவி, அவசரத்துக்கு அம்மாவின் ஹேர்பின் என்று எதை நுழைத்துத் திருகினாலும் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் அந்தச் சாவியை யாரும் மதிப்பதில்லை. கதவும் கிடையாது. இருந்தும் பதினோரு வருடத்தில் ஒருவரும் அதைத் திருடியதில்லை. அதைவிட ஆச்சரியம், ஒருவரும் இரவல் கேட்டதில்லை. "திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டு இல்லாமல் வண்டி நிறுத்துகிறாயே" என்று கேட்பவர்களிடம், பூட்டு உள்ளேயே இருக்கிறது என்பேன். ஸ்டியரிங்கைத்தான் சொல்கிறேன்.

வண்டி மஹிந்திரா எம்எம்540. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் பேரன் முறை. தாத்தாவுக்கு பவர் ஸ்டியரிங் கிடையாது. பட்டாளத்துக்காரன் புஜத்துக்கு அது தேவைப்படவில்லை. பேரனுக்கும் கிடையாது. என் புஜத்தைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. போதாததற்கு, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று 31 அங்குல டயர் வேறு மாட்டி வைத்தேன். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் திருப்புவது தாலுகா ஆபீசில் மனுக் கொடுப்பது மாதிரி ஆகிவிட்டது. முதல் கால் சுற்றுக்கு எந்தப் பதிலும் வராது. அப்புறம் எங்கோ கீழே ஒரு முனகல். பிறகுதான் சக்கரம் யோசித்து யோசித்து அசையும்.

சிறுமலையில் அப்பா விட்டுப்போன கொஞ்சம் வாழையும் மிளகும் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவில் வலது தோளும் பதினாலாவதில் இடது தோளும் பேச ஆரம்பிக்கும். மேலே போனதும் தோட்டத்துக்குத் திரும்புகிற கல்லுப் பாதையில் இரண்டும் சேர்ந்து ஏசும். அந்த மலையில் இன்றைக்கும் குதிரை முதுகில்தான் பல தோட்டங்களிலிருந்து சரக்கு இறங்குகிறது. நான் பாறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத் தொங்கும்போது, பக்கத்தில் ஒரு குதிரை கடிவாளம் லேசாக அசைந்ததும் அழகாக ஒதுங்கிப் போகும். போகிறபோது என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாளே மெக்கானிக் அண்ணனிடம் போய் நின்றேன்.

"பொலிரோ பவர் பாக்ஸ் போட்டுரலாம் தம்பி. ஆனா உங்க டயருக்கு அது மட்டும் பத்தாது" என்றார். டீ கிளாஸைப் பானெட்டில் வைத்துவிட்டு அவர் விளக்கியது இது. ஸ்டியரிங் பாக்ஸ் இருப்பது சேஸில். சக்கரம் இருப்பது ஸ்பிரிங் பட்டையில் தொங்கும் ஆக்சிலில். பாறை இடுக்கில் சக்கரம் சிக்கும்போது பாக்ஸ் தம் பிடித்துத் தள்ளினால், அந்த விசை முழுக்க பாக்ஸ் ஷாஃப்டிலும் சேஸ் போல்ட்டிலும் இறங்கும். ஒருநாள் சேஸே விரிந்துவிடும். அதனால் பாக்ஸில் இரண்டு துளை போட்டு, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்றாக ஆயில் எடுத்து, ஆக்சில் மேலேயே ஒரு சிலிண்டரைக் கட்டி, டை ராடை நேரடியாகத் தள்ள வைக்க வேண்டும். பாக்ஸ் வழி காட்டும், சிலிண்டர் சுமக்கும்.

கணக்கும் போட்டார். ஒன்றரை அங்குல சிலிண்டர், சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்ட் அழுத்தம்: தள்ளும்போது கிட்டத்தட்ட 800 கிலோ. இழுக்கும்போது உள்ளே முக்கால் அங்குலத் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் 600தான். "அப்போ ஒரு பக்கம் கொஞ்சம் சோம்பலா இருக்குமா அண்ணே?" என்றேன். "இப்போ ரெண்டு பக்கமும் நீங்கதானே தள்ளுறீங்க, அதைவிடவா?" என்றார்.

அமெரிக்காவில் 1951-லேயே கிரைஸ்லர் இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங் வைத்து விற்றுவிட்டார்கள். அது கடல் கடந்து என் ஜீப்புக்கு வர எழுபது வருடத்துக்கு மேல் ஆனது. மெக்கானிக் அண்ணன் "ரெண்டு நாள் வேலை" என்று சொன்னது மூன்று வாரம் ஆனதை நான் பெரிதுபடுத்தவில்லை.

சிலிண்டர் காயலான் கடையில் கிடைத்தது, ஏதோ டிராக்டரில் உழைத்து ஓய்வு பெற்றது. பம்ப்பை இன்ஜினில் உட்கார வைக்க ஒரு பிராக்கெட் வேண்டும். அதற்கு அளவெடுக்க அட்டை வேண்டும். ஜீப் டேஷ்போர்டில் என் மச்சினன் கல்யாணப் பத்திரிகை ஒன்று மிச்சம் கிடந்தது. நல்ல கெட்டி அட்டை. அண்ணன் அதை இன்ஜினில் வைத்து அழுத்தி, கிரீஸ் விரலால் போல்ட் ஓட்டைகளைக் குறித்துக்கொண்டு வெட்டினார். மணமகன் பெயர் இருந்த இடத்தில் புல்லி வந்தது. பெண் வீட்டார் பெயர் மூலைக்கு ஒன்றாக போல்ட்டில் போனது. அந்த அச்சில் 8 எம்எம் பிளேட்டை வெட்டி மாட்டினால், பெல்ட் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அந்தக் கல்யாணத்தில் பொருத்தம் பார்த்த ஜோசியரை அன்றைக்குத்தான் மெச்சினேன்.

முதல் ஸ்டார்ட். பட்டறைப் பையன் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தான். வண்டி உறுமியது, பம்ப் சீறியது, டை ராட் வில் மாதிரி வளைந்தது, சக்கரம் அசையவில்லை. "ஆஃப் பண்ணுடா!" என்று அண்ணன் கத்தியது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸும் இடம் மாறி மாட்டியிருந்தன. பாக்ஸ் இடது என்கிறது, சிலிண்டர் வலது என்கிறது. இரண்டுக்கும் சம பலம். என் அம்மாவும் என் மனைவியும் ஒரே நேரத்தில் எனக்கு வேலை சொல்லும்போது நான் நிற்கிற நிலை அது. வளைந்த ராடை மாற்றி, ஹோஸையும் மாற்றினோம்.

அடுத்தது காற்று எடுப்பது. ஆயில் இயற்கையில் நல்ல சிவப்பு. காற்றுப் புகுந்ததும் டேங்கில் அசல் ரோஸ்மில்க்காக நுரைத்தது. பம்ப் கன்றைப் பிரிந்த மாடு போல் கத்தியது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை நிறுத்தி வைத்து, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நிதானமாக ஸ்டியரிங்கைச் சுற்ற வேண்டும். முப்பது தடவைக்குமேல் நான்தான் சுற்றினேன். இனிமேல் சுற்றாமல் இருப்பதற்காக.

பிறகு சிறுமலை. 18 வளைவும் ஒற்றை விரலில். கல்லுப் பாதையில் நின்ற இடத்திலேயே சக்கரம் திரும்பியது. எதிரே வந்த குதிரைக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். நானும் திரும்பிப் பார்த்தேன்.

சந்தோஷம் ஒரு வாரம். பவர் ஸ்டியரிங் செய்தி தெருவில் பரவியதும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி சிமென்ட் எடுக்க ஜீப் கேட்டார். மனைவி யூடியூபில் பார்த்து ஒரே மதியத்தில் ரிவர்ஸ் கற்றுக்கொண்டாள், "இதைத் திருப்பவா இத்தனை வருஷம் தோள்ல தைலம் தேய்க்க வச்சீங்க?" என்றாள். கடைசியாக மச்சினன் வந்தான். முன்பு ஒருமுறை முக்கு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, கும்பிடு போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தவன். "மாமா, சும்மா பைபாஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்றான்.

நேற்று கடைவீதியில் ஒரு பூட்டும் இரண்டு முழம் சங்கிலியும் வாங்கினேன். நல்ல கனமான திண்டுக்கல் பூட்டு. கடைக்காரர் எந்தக் கதவுக்கு என்று கேட்டார், ஸ்டியரிங்குக்கு என்றேன். வீட்டுக்கு வந்து திண்ணையில் வைத்தேன். ஹோஸ் முனையில் ஒரு சின்னக் கசிவு இருப்பதால், தினமும் காலையில் வாசலில் சிவப்பாகச் சொட்டியிருக்கும்; எவன் வெற்றிலை எச்சில் துப்பினான் என்று திட்டிக்கொண்டே அம்மா கழுவிவிடுவாள். இன்றைக்கு வாளியோடு வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மூணு நாளா வாசல் சுத்தமா இருக்குடா" என்றாள்.