பெட்டிக்குள் ஆட்கள்

சாவகச்சேரிச் சந்தையில் பலாப்பழத்துக்குக்கூட மரியாதை உண்டு. தட்டிப் பார்ப்பார்கள், மணந்து பார்ப்பார்கள்; வருக்கையா கூழனா என்ற பேச்சு பிறகுதான். மனிதருக்கு அந்தச் சிரமமில்லை, ஒரு படிவம் போதும்.

1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குத் தப்பி நாவற்குழிப் பாலம் தாண்டி வந்த வலிகாமத்தாருக்கு 'இடம்பெயர்ந்தோர்' என்று பெயர். அவர்களுக்குத் திண்ணை கொடுத்த, சாவகச்சேரிப் பக்கத்துத் தென்மராட்சியார், 2000இல் சண்டை வந்தபோது அதே பெயரைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு பெயர்கள் குட்டி போட்டன: 'மீள்குடியேறியோர்', 'புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி', 'பெண் தலைமைத்துவக் குடும்பம்'. முன்னாள் போராளி கோழி வளர்த்தாலும் முன்னாள் போராளிதான். நல்லவேளை, கோழிகளை யாரும் பதியவில்லை.

உதவிக்குப் பதியும் மேசையொன்றில் எனக்கு முன்னால் ஓர் அக்கா.

"தையல்காரி எண்டு போடுங்கோ தம்பி. இருபது வருசமாத் தைக்கிறன்."

"உங்களை விதவைக்குள்ள போட்டாச்சக்கா."

"செத்தது அவர். தைக்கிறது நான்."

தம்பி பேனையால் தலையைச் சொறிந்தார். 'வேறு' என்றொரு பெட்டி இருந்தது. அதற்குள் மூன்று எழுத்துத்தான் கொள்ளும்.

பள்ளிக்கூடச் சட்டை தைக்க வேண்டுமானால் சொல்லுங்கள், அக்காவிடம் கூட்டிப்போகிறேன். அளவு மட்டும் சரியாக எடுப்பார்.