பாம்பு வளக்குறியாமே மாப்ள?

வா மாப்ள, உக்காரு. மேலக்கால் ரோட்டு அடுக்குமாடியில பாம்பைக் குடிவச்சிருக்கன்னு ஊரே பேசுது. ரொம்பச் சந்தோசம். உங்க தாத்தன் காலத்துல இந்தக் கோச்சடை வயக்காடு பூராவும் பாம்புதான், ஒருத்தனும் காசு குடுத்து வாங்கல. வரப்புல சாரை குறுக்க ஓடுனா மம்பட்டிய ஊனிக்கிட்டு நின்னு வழிவிடுவாய்ங்க. நெல்லைத் திங்கிற எலியத் தின்னது அதுதானே. இப்ப அந்த வயல மூடி வீட்டைக் கட்டி, வீட்டுக்குள்ள ஆப்பிரிக்காப் பாம்பைக் கொண்டாந்து, அதுக்கு எலியையும் காசுக்கு வாங்கிப் போடுற. முன்னேத்தம்னா இதாண்டா.

பாம்பு நமக்கொண்ணும் புதுசில்ல. மதுரைக்கு எல்லை காட்டுனதே பாம்புதான்னு திருவிளையாடல் புராணத்துல இருக்கு. மேக்க நாகமலை படுத்துக் கிடக்கு பாரு, அதுக்கும் ஒரு கதை உண்டு. ஆனா எந்தக் கதையிலயும் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு செல்பி எடுத்த பாண்டியன் கிடையாது.

நல்லவேளை, நம்மூர்ப் பாம்பைப் பிடிச்சு வைக்கல நீ. நல்லபாம்பு, சாரை, நம்ம மலைப்பாம்பு எதை வீட்டுல வச்சாலும் 1972 வனவிலங்குச் சட்டம் கதவைத் தட்டும். மண்ணுளிய வித்தா கோடின்னு எவனோ சொன்னதைக் கேட்டு அலைஞ்சவய்ங்க கோர்ட்டுலதான் போய் நின்னாய்ங்க. வெளிநாட்டுச் சாதிக்கும் 2024-ல விதி வந்துருச்சு. பரிவேஷ்னு ஒரு தளத்துல பதியணும். குஞ்சு பொரிச்சாலும், கைமாத்துனாலும், செத்தாலும் தகவல் சொல்லணும். உன் பாம்புக்குப் பில்லு இருக்கா? ஏன் கேக்குறேன்னா, 2023 சூலையில கோலாலம்பூர்ல இருந்து திருச்சி ஏர்போர்ட்டுல இறங்குன ஒருத்தன் பெட்டியில 47 மலைப்பாம்பும் ரெண்டு பல்லியும் இருந்துச்சு. உன் வீட்டுல இருக்கிறது அதுக்குப் பங்காளியா இருந்தா, பாம்புக்கு முன்னாடி நீ கூண்டுக்குள்ள போயிருவ.

சரி, சோத்துக்கு வருவோம். வந்த முத வாரம் ஒண்ணுமே போடாத. தொடாத. உன் கூட்டாளிகளைக் கூட்டியாந்து காட்டாத. தண்ணிக் கிண்ணம் ஒண்ணு, ஒளிய சூட்டுப் பக்கம் ஒரு பொந்து, குளுந்த பக்கம் ஒரு பொந்து. அம்புட்டுத்தான் விருந்து. உன் பாம்போட பேரு பால் பைத்தான்னு நீ சொன்னதைக் கேட்டு உங்கத்தை அரை லிட்டர் ஆவின் பாலைக் கையில எடுத்துட்டா. பாலைச் செரிக்கிற வயிறு பாம்புக்குக் கிடையாது; தொண்டை காஞ்சு தவிச்சாக் குடிச்சுத் தொலைக்கும், அப்புறம் பேதிதான். புத்துல ஊத்துன பால் எல்லாம் எறும்புக்குப் போச்சுன்னு சொன்னா அவ என்னை அடிக்க வர்றா.

எலி போடு. பாம்போட உடம்புல பெருத்த இடம் எதுவோ, அந்தத் தடிமனுக்கு மேல எலி இருக்கப்படாது. சின்னதுக்கு வாரம் ஒண்ணு, வளந்ததுக்குப் பத்து பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. உசுரோட விட்டுட்டு வேடிக்கை பாக்காத. மூலையில மாட்டுன எலி பாம்பையே கடிச்சுக் கொதறிரும். ஐஸ்ல வச்ச எலிய ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வச்சுக் குளிர் விட்டதும், கவரோட வெந்நீர்ல போட்டுச் சூடு ஏத்து. மைக்ரோவேவ்ல வைக்காத, வெளிய வேகும், உள்ள ஐஸ்கட்டி. அப்புறம் நீள இடுக்கியில பிடிச்சு நீட்டு. பாம்புக்கு உதட்டோரம் வரிசையாக் குழி இருக்கும், சூட்டை அதுலதான் பாக்கும். எலிய உருட்டுன கையோட உள்ள துழாவுனேன்னு வையி, சூடும் இருக்கு, எலி வாசமும் இருக்கு. அது என்ன உன் ஆதார் கார்டையா கேக்கப் போகுது? கவ்வீரும். விசம் இல்ல, ஆனா ரத்தம் வரும்.

தின்னு முடிச்சா ரெண்டு நாளைக்குக் கிட்டப் போகாத. பாதி செரிச்சதைக் கக்கி வச்சா அந்த நாத்தத்துக்கு அடுக்குமாடிச் சங்கமே கூட்டம் போடும். அதுக்கப்புறம் தூக்கணும்னா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பக்கவாட்டுல போயி நடு உடம்பைத் தாங்கி எடு. மேல இருந்து கையை இறக்காத, அப்படி வர்றது அதுக்குக் கழுகுதான். எடுத்து முடிச்சும் கையைக் கழுவு. பந்தாச் சுருண்டு தலைய உள்ள ஒளிச்சா "மாமா, கொஞ்சுது மாமா"ன்னு போன் பண்ணாத. அது பயம்டா. கழுத்துல சுத்திக்கிட்டா பாசமில்ல. உன்னைச் சூடான மரக்கிளைன்னு நினைச்சிருக்கு, அம்புட்டுத்தான். கண்ணு நீலம் பாரிச்சு மங்குனா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்பவும் தொடாத. ஆக, வாரத்துல முக்காவாசி நாளு நீ செய்ய வேண்டியது சும்மா இருக்குறதுதான். இதைச் செய்யத்தான் மாப்ள உனக்கு வராது.

அப்புறம் ஏசி. பாம்புக்குச் சொந்தமா உடம்புச் சூடு கிடையாது. பெட்டியில ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26. நீ 18-ல வச்சுப் போர்வைக்குள்ள கிடந்தா அதுக்கு எலி செரிக்காது. கத்திரி வெயில்ல கரண்டு போயி 40-ஐத் தாண்டுனா அதுவும் ஆபத்து. மாசக்கணக்காத் திங்காமக் கிடக்கும், அழுது புலம்பாத. தராசுல எடை போட்டுப் பாரு. இளைச்சா, பாம்பு பாக்கத் தெரிஞ்ச கால்நடை டாக்டரைத் தேடு.

சலிச்சுப் போச்சுன்னு ராவோட ராவா வைகையில விட்டுட்டு வந்துறலாம்னு ஒரு நினைப்பு ஓடுதா? அமெரிக்காக்காரன் அப்படித்தான் ஆசைக்கு வாங்குன பர்மா மலைப்பாம்பைப் புளோரிடாச் சதுப்புல விட்டான். அது பெருகி அங்கிருந்த முயலையும் மானையும் முழுங்க ஆரம்பிச்சிருச்சு. கடைசியில 2017-ல செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் விமானம் ஏறிப்போயி ஒரு மாசத்துக்குள்ள 27 பாம்பு பிடிச்சுக் குடுத்தாங்க. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. பாம்பைப் பிடிச்சா விருது, அவுத்து விட்டா வழக்கு. நீ எந்தப் பக்கம்னு பாத்துக்க.

உன் பாம்பு முப்பது வருசம் வரைக்கும் இருக்குமாம். உனக்குப் பொண்ணு பாக்கச் சொல்லி உங்கம்மா என்னைப் பிடுங்குறா. சம்பளத்தைச் சொல்லிருவேன், சொந்த வீட்டையும் சொல்லிருவேன். ஃப்ரிட்ஜைத் திறந்தா இட்லி மாவுக்குப் பக்கத்துல எலி இருக்கும்கிறதைப் பொண்ணு வீட்டுல நீயே சொல்லிக்க. போறப்ப அந்தப் பதிவுச் சீட்டையும் சட்டைப்பையில வச்சுக்க, ஜாதகத்தோட சேத்து அதையும் கேப்பாய்ங்க.