கிணற்றடிச் செடிகள்

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் கிணற்றடி காய்ந்து பார்த்ததே இல்லை. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த கழுநீர் எல்லாம் வாய்க்காலில் ஓடி வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேரும். மதிலும் மாமரமும் மறைப்பதால் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அங்கே செடி வைக்க யாரும் காசு கொடுத்ததில்லை. அத்தை வீட்டிலிருந்து ஒரு கிழங்கு வரும், எதிர்வீட்டிலிருந்து ஒரு கொடித்துண்டு வரும்.

துவைக்கிற கல்லைச் சுற்றி வல்லாரை. தரையோடு ஓடும் மெல்லிய தண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டு, அங்கங்கே வட்ட இலையைத் தூக்கி நிறுத்தும். பாட்டி துவையலுக்குக் கிள்ளிக்கொண்டே இருப்பார்; கிள்ளக் கிள்ளத் தழைக்கும். அகத்தி மரத்தில் வெற்றிலை ஏறியிருந்தது. கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் அகத்தியை வளர்த்து நிழல் உண்டாக்கிய பிறகுதான் கொடியை நடுவார்கள். பாத்திக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதற்காகவே ஆழமாக வாய்க்கால் வெட்டுவார்கள். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை இப்படி விளைவதுதான். நிழலில் தோட்டம் போட நினைக்கிற எவரும் ஒருமுறை கொடிக்காலுக்குள் நடந்து பார்க்க வேண்டும்.

இப்போது இருப்பது சென்னையில், அடுக்குமாடி வீட்டில். கட்டடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே வடக்குப் பக்கம் ஒரு சந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரெல்லாம் பாசி. நர்சரியில் கேட்டால், “நிழலுக்கா சார்? மணி பிளான்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம், அக்லோனிமா எடுத்துக்குங்க” என்கிறார்கள். தப்பில்லை, நான்கும் நிழல் தாங்கும். மணி பிளான்ட்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவு. பீஸ் லில்லியின் இனம் பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலக் காட்டின் ஈரத்தரையில் முளைப்பது. ஆனால் நான்குமே சேம்பின் குடும்பம் என்பதை எந்த நர்சரியிலும் சொல்லக் கேட்டதில்லை. சேம்பை அரைவேக்காட்டில் தின்றால் நாக்கு அரிக்கிறதே, அந்தக் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றிலும் உண்டு. குழந்தையும் நாயும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேம்பங்கிழங்கோ நன்றாக வெந்து புளிக்குழம்பில் விழுந்தால் சாப்பாடு. குடும்பம் அதேதான்; வயிற்றுக்கு ஆகிறதை விட்டுவிட்டு அழகை மட்டும் விலைக்கு வாங்குகிறோம். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

எங்கள் சந்தில் மண் என்று பெயருக்குத்தான். ஒரு சாண் தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும். அவற்றை வாரிப் போட்டுவிட்டு, மக்கிய இலையும் தொழுவுரமும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டினோம். நிழலில் ஈரம் மெதுவாகத்தான் காயும். அதனால் விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் உலர்ந்த பிறகே தண்ணீர். தோண்டும்போது அழுகல் வாடை அடித்தால் வேருக்குக் காற்றில்லை என்று அர்த்தம். அங்கே எதுவும் நடாமல் முதலில் வடிகாலைச் சரிசெய்ய வேண்டும். மல்லியும் செம்பருத்தியும் கேட்டவர்களுக்கு மொட்டைமாடியைக் காட்டினோம். அவை சந்தில் இலை விடும், பூக்காது.

தாழ்ந்த ஓரத்தில் சேம்பு, மேட்டில் கொஞ்சம் வெளிச்சம் விழும் பக்கம் மஞ்சளும் இஞ்சியும், குழாயடியில் வல்லாரை. சோப்புத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது; வல்லாரை இருப்பது பறித்துச் சாப்பிட. வெற்றிலைக்கு ஒரு கம்பம் நட்டாயிற்று. கொடித்துண்டு ஊரிலிருந்து அத்தை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.