அமெரிக்கா போய்வந்த ஆசாமிகள்

1876-இல் அமெரிக்காவுக்கு நூறு வயது நிறைந்தது. அந்தக் குஷியில் பிலடெல்பியாவில் ஓர் உலகக் கண்காட்சி போட்டார்கள். ஜெர்மனி தன் சரக்கைப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றியது. கூடவே, அந்தச் சரக்கின் பெருமையை நாலு பேருக்கு எடுத்துச் சொல்லட்டும் என்று ஒரு பேராசிரியரையும் ஏற்றி அனுப்பியது. அவர் பெயர் ஃப்ரான்ஸ் ரூலோ. பெர்லின் தொழில் அகாடமியின் இயக்குநர். இயந்திரங்களைப் பற்றி ஐரோப்பாவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் போய்க் கேட்கிற ஆள்.

பேராசிரியர் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தார். ஹோட்டலுக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தார். பெர்லின் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார்: நம் சரக்கு மலிவு, மட்டம்.

மாப்பிள்ளைத் தோழனாகப் போனவன் மைக்கைப் பிடித்து, ‘பையன் கொஞ்சம் குடிப்பான்’ என்று அறிவித்தது போல ஆயிற்று.

அவர் அதோடு விடவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்புதான் பிரான்ஸை அடித்து வீழ்த்திய மிதப்பு ஜெர்மனிக்கு இன்னும் இறங்கியிருக்கவில்லை. கூடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பேரரசர், பட்டத்து இளவரசர், பிஸ்மார்க். பீங்கானில் பிஸ்மார்க், வெண்கலத்தில் பிஸ்மார்க், துத்தநாகத்தில் பிஸ்மார்க். மிச்ச இடத்தை க்ருப் கம்பெனியின் ராட்சத பீரங்கிகள் அடைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் அமெரிக்கர்கள் 1400 குதிரைத்திறன் கொண்ட கார்லிஸ் நீராவி இயந்திரத்தை ஓட்டி, கூடத்திலிருந்த மற்ற இயந்திரங்களையெல்லாம் அதைக்கொண்டே சுழல வைத்தார்கள். இந்தப் பக்கம் ஜெர்மானியர்கள் பீரங்கியைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். பொம்மையும் பீரங்கியும்தானா நம் தொழில் என்று கடிதத்தில் கேட்டுவிட்டார் ரூலோ.

ஊரில் ஆலை முதலாளிகள் கொதித்தார்கள். துரோகி என்றார்கள். மனிதர் அசரவில்லை; கடிதங்களைத் தொகுத்து அடுத்த வருஷம் புத்தகமாகவே போட்டார். 1887-இல் இங்கிலாந்தும் அதே குறையைச் சொல்லி, வெளிநாட்டுச் சாமான்களின் மேல் செய்த நாட்டின் பெயரை, ஜெர்மன் சாமான் என்றால் ‘மேட் இன் ஜெர்மனி’ என்று, முத்திரை குத்தச் சட்டம் கொண்டுவந்தது. மக்கள் பார்த்து ஒதுக்கட்டும் என்பது உத்தேசம். அதற்குள் ஜெர்மானியர்கள் சரக்கைத் திருத்திக்கொண்டிருந்ததால், மக்கள் அந்த முத்திரையைத் தேடிப் பிடித்து வாங்க ஆரம்பித்தார்கள். ரூலோவைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இதில் பணக்காரர்கள் ஆனார்கள் என்று எவரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

ஆள் பரம்பரை மெக்கானிக். 1829-இல் எஷ்வைலர் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா, தாத்தா எல்லோரும் இயந்திரம் செய்தவர்கள். கார்ல்ஸ்ரூவில் படித்து, ஜூரிக்கில் பேராசிரியராகி, 1864-இல் பெர்லின் வந்து, நான்கே வருஷத்தில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம் பாரிஸ் கண்காட்சியில் நடுவர் வேலை. அங்கே ஓட்டோ, லாங்கன் என்ற இருவர் ஒரு வாயு இன்ஜின் கொண்டுவந்திருந்தார்கள். பித்தளைக் கடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி சத்தம். நடுவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நகரப் பார்த்தார்கள். லாங்கனோ, ரூலோவுக்குக் கார்ல்ஸ்ரூ கல்லூரித் தோழர். நம்மூர் என்றால் இந்த இடத்தில் காதோடு காதாக ஒரு வார்த்தை போதும். ரூலோ வேறு வழி பிடித்தார்: சத்தத்தை விடுங்கள், எது எவ்வளவு வாயு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். அளந்தார்கள். தோழரின் இன்ஜின் போட்டி இன்ஜின்களைவிடப் பாதிக்கும் குறைவாகவே குடித்தது. தங்கப் பதக்கம். சிபாரிசு என்று யாரும் வாயைத் திறக்க முடியாத சிபாரிசு.

அவருடைய உண்மையான மோகம் வேறு. உலகத்தில் உள்ள எல்லா இயந்திரத்தையும் பிரித்து, வேதியியல்காரர்கள் பொருள்களுக்குக் குறியீடு எழுதுவது போல எழுதிவிட முடியும் என்று நம்பினார். 1875-இல் வந்த அவருடைய பெரிய நூல் இதைத்தான் சொல்கிறது. பாடம் நடத்த இரும்பிலும் பித்தளையிலும் நூற்றுக்கணக்கில் மாதிரிகள் செய்தார். நாலு தண்டு, நாலு மூட்டு. ஒரு தண்டை மேசையோடு இறுக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் இன்னொரு தண்டு இப்படியும் அப்படியும் ஆடும். இறுக்கியதைத் தளர்த்தி, வேறொரு தண்டை இறுக்கிச் சுற்றினால் அதே நாலும் வேறு இயந்திரமாகிவிடும். எதைப் பிடித்துவைக்கிறோம் என்பதைப் பொறுத்து மற்றதெல்லாம் ஆடுகிறது. இயந்திரவியல் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற பாடம் இது. (அவர் பெயரைத் தாங்கிய முக்கோணத்தையும் படிக்கிறார்கள், அந்த வடிவம் டா வின்சிக்கே தெரியும் என்பதை வாத்தியார்கள் சொல்வதில்லை.)

இதற்கிடையே ஆஸ்திரேலியக் கண்காட்சிகளுக்குப் போனார். திரும்பும் வழியில் 1881-இல் இந்தியாவைக் குறுக்கே கடந்து, அதற்கும் ஒரு பயணநூல் எழுதினார். லாங்ஃபெலோவின் ‘ஹயவாதா’ காவியத்தை ஜெர்மனில் பெயர்த்தார். தொழில் அகாடமியும் கட்டடக்கலை அகாடமியும் 1879-இல் ஒன்றாகி, பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் ஆனது. 1890-இல் அதற்கும் ரெக்டர் ஆனார். எல்லாத் தண்டும் இறுக்கமாக இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

அதே உயர்கல்விக்கூடத்தில் அலோயிஸ் ரீட்லர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பம்பும் கம்ப்ரசரும் வடிவமைக்கிற ஆள். 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி, ரீட்லர் போனார். சுற்றிப் பார்த்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் நிஜ நீராவி இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவதைக் கண்டார். ஊர் திரும்பி எழுதினார்: நம் படிப்பு மட்டம். ஏட்டுச் சுரைக்காய். நமக்கும் ஆய்வுக்கூடம் வேண்டும்.

ரூலோ இருபது வருஷத்துக்குள் இரண்டாம் தடவையாக அதே கடிதத்தைப் பார்த்தார். இந்தத் தடவை சரக்கு அவர். கைப்பிடி சுற்றினால் ஆடுகிற பித்தளை பாரத்தையும் வெப்பத்தையும் பற்றி என்ன சொல்லும் என்று எதிர்க்கட்சி கேட்டது. நியாயமான கேள்வி என்பதுதான் வேதனை. 1896-இல் நாற்காலியைக் காலிசெய்தார். 1899-இல் ரெக்டர் ரீட்லர். அந்த வருஷமே பொறியாளர்களுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கும் உரிமையைப் பேரரசர் வழங்க, மாலை மரியாதை எல்லாம் ரீட்லர் காலத்துக் கணக்கில் சேர்ந்தது. ரூலோ 1905-இல் காலமானார்.

அவர் செய்த மாதிரிகள்? பெர்லினில் இருந்தவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரோடு போயிற்று. ஆனால் 1882-இலேயே கார்னெல் பல்கலைக்கழகத் தலைவர் ஆண்ட்ரூ வைட் ஒரு செட் வாங்கி வைத்திருந்தார். இருநூறுக்கு மேல் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஆக, ரூலோவைப் பார்க்க விரும்புகிறவர் பெர்லினுக்கு டிக்கெட் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவரும் அமெரிக்காதான் போய்வர வேண்டும்.