திங்கட்கிழமைகளில் பார்க்க வேண்டிய இடங்கள்

மச்சினன் ஏறிய விமானம் இன்னும் மெல்பனில் இறங்கியிருக்காது. என் கார் பின்சீட்டில் அவன் பிள்ளைகள் சிந்திய ஏத்தங்காய் சிப்ஸை இங்கே நான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். சீட்டின் இடுக்கில் போனது வராது. அடுத்து யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து, உட்கார்ந்து அமுக்கி, தூளாக்கினால்தான் உண்டு.

“அத்தான், ஊர்ல பாக்க என்ன இருக்கு?” என்று நம்மிடம் கேட்டுவிட்டுப் பதிலை போனில் தேடுகிற சாதி அவன். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பான். நீங்களும் ரெண்டு நாள் லீவு போட்டு, டீசல் அடித்து, அவன் குடும்பத்தோடு அருவியில் நின்று பல்லைக் காட்டியிருப்பீர்கள். விருந்தாளி வராவிட்டால் நாம் எங்கே போகிறோம்? எங்கள் புதுக்கடைக்காரன் எவனும் சும்மா இருந்தவன் எழுந்து திற்பரப்புக்குக் குளிக்கப் போனதாகச் சரித்திரம் கிடையாது.  முதலில் இந்தத் திங்கட்கிழமை விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தாலும் நம்ப மாட்டான். சனிக்கிழமை வந்து இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை அவன் மனைவி வீட்டாருக்கு. மிச்சம் இருப்பது திங்கள்.

“இன்னைக்கு அடைப்பாக்கும்” என்றேன்.

“போய்ப் பாப்போம் அத்தான். டூரிஸ்ட் பிளேஸ்ல போய் லீவு விடுவாங்களா?”

விடுவார்கள். கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவின் முன்னால் மனிதகுலம் எத்தனை விதமாக நடந்துகொள்ளும் என்று ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தக்கலையில் இறங்கி, ஒரு ஆட்டோ பிடித்து அங்கே போகலாம். ஒருவர் கதவைத் தள்ளிப் பார்க்கிறார். அவர் தள்ளியதைப் பார்த்துக்கொண்டே நின்ற இன்னொருவர், தானும் ஒரு தடவை தள்ளிப் பார்க்கிறார். ஒருவர் யாருக்கோ போன் போட்டு, “கலெக்டர் ஆபீஸ்ல நம்ம ஆளு ஒருத்தன் உண்டுல்லா?” என்கிறார். கலெக்டரே வந்தாலும் அந்தக் கதவு அவர் சொல்லித் திறக்காது. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது.

“தமிழ்நாட்டுக்குள்ள கேரளாவுக்கு என்ன அத்தான் வேலை?”

இந்தக் கேள்விக்குத் தெருவில் நின்றபடி பதில் சொல்ல முடியுமா? 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும், நாங்கள் சாயா குடிக்கிற இதே புதுக்கடையிலும், தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மேல் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. ஆள் செத்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் வந்து சேர்ந்தன. அரண்மனைச் சாவி மட்டும் வரவில்லை. நிலம் நமக்கு, சாவி அவர்களுக்கு, திங்கட்கிழமை பொதுவுக்கு. இவ்வளவையும் நான் தொண்டை வறளச் சொல்லி முடித்தபோது மச்சினன் சாத்திய கதவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

வந்ததற்கு வெளியிலிருந்தே வர்ணனை சொல்லும் வேலையும் என்னுடையதாயிற்று. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் 64 வகை மருந்து மரத்தில் இழைத்ததாகச் சொல்லுகிற கட்டில் கிடக்கிறது. அதோ, அந்த ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும் தரை சிரட்டைக்கரி, முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்துப் போட்டது. குனிந்தால் முகம் தெரியும். அப்பால் ஊட்டுபுரை, ஆயிரம் பேர் பந்தியில் உட்காரலாம். ஆயிரம் பேர் என்றதும் அவன் சின்னமகனுக்குப் பசி வந்துவிட்டது. பெரியவள் யோசித்துவிட்டு, “ராஜா மண்டேல எங்க போவாரு?” என்று கேட்டாள். அன்று அந்த வாசலில் கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

செவ்வாய், புதன், வியாழன் என்று ஆறு நாள் அரண்மனை திறந்தே கிடக்கிறது. அந்த ஆறு நாளில் என் சொந்தக்காரன் ஒருத்தனாவது லண்டனிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்திருக்கிறானா? பங்குனியில் வந்தாலும் திங்கள், கிறிஸ்துமஸ் லீவில் வந்தாலும் திங்கள். காவலுக்கு இருப்பவருக்கு என் முகம் பழகிவிட்டது. போனதும் சிரிக்கிறார். ஒரு மனுஷன் சிரிப்பதைப் பார்த்து இத்தனை எரிச்சல் எனக்கு வேறெங்கும் வந்ததில்லை.

சரி, அரண்மனை போனால் போகட்டும் என்று விடுகிறார்களா? ஒரே நாளில் திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, திருவட்டாறு, தேங்காப்பட்டணம். நூற்றுச் சொச்சம் அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீர் போகிற தொட்டிப்பாலத்தில் அவன் நின்றது, வாட்சப்பில் படம் அனுப்ப எடுத்த நேரம். ஓடி ஓடிப் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே முறையான ஏற்பாடு உண்டு. சிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, கையில் விசிறியோடு, ‘கோவிந்தா கோபாலா’ என்று கத்தியபடி நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, பன்னிரண்டு சிவன் கோயிலைக் கும்பிட்டுத் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். அவர்கள் காலில் ஓடுகிறார்கள், புண்ணியம் உண்டு. ஏசி காரில் ஓடுகிறவனுக்கு என்ன உண்டு? டிரைவருக்கு முதுகுவலி உண்டு.

ஓட்டத்துக்கு நடுவே ‘எங்க சபர்ப்’ புராணம் வேறு. பார்க்கில் பட்டனை அமுக்கினால் கரண்டு அடுப்பு சூடாகும், இறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு வரலாம், காசு கிடையாது. தெருவுக்குத் தெரு ஊஞ்சல். நடந்துபோகிற தூரத்தில் நீச்சல் குளம், நூலகம். எனக்கும் ரோஷம் வந்தது. நூலகச் சட்டம் 1948இலேயே போட்டவர்கள் நாங்கள், வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம் என்றேன். “நீங்க கடைசியா எப்பம் போனிய?” என்று பின்சீட்டிலிருந்து என் மனைவி கேட்டாள். அவளை அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. தேங்காப்பட்டணத்தில் ஏவிஎம் கால்வாயைக் காட்டி, 1860இல் தோண்டத் தொடங்கியது, திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வள்ளம் விட நினைத்தார்கள் என்றேன். “போட்டிங் உண்டா?” என்றான். ஆகாயத்தாமரை மேல் நடந்தே போகலாம் என்று சொன்னேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் பொதுக் கழிப்பறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அரசாங்கமே வரைபடம் போட்டு வைத்திருக்கிறதாம். போனில் பார்க்கலாமாம். இங்கே அப்படி ஒன்று இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வரைபடம் என் மனைவியின் தலைக்குள் இருக்கிறது. தக்கலையில் சித்தி, குலசேகரத்தில் பெரியம்மை, மார்த்தாண்டத்தில் சம்பந்தி வீடு, கருங்கலில் மாமி. பிள்ளைகள் ‘வருது’ என்று சொன்ன உடனே அவள் வழி சொல்லிவிடுவாள். போன காரியம் ரெண்டு நிமிஷத்தில் முடியும். ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்குள் ஏறிவிட்டுத் தண்ணி குடிக்காமல் இறங்க முடியுமா? தண்ணி, கட்டன்சாயா, பழம், “இரிங்கோ, மரச்சீனி வெந்தாச்சு”, அதற்கு சாளைக்கறி, காரத்துக்கு மறுபடி தண்ணி. அடுத்த மூணாவது மைலில் பின்சீட்டிலிருந்து மறுபடி ‘வருது’. அருவியைவிட இந்தத் திண்ணைகளில்தான் நேரம் போயிற்று.

கருங்கல் மாமிக்கு எண்பது வயசிருக்கும். மச்சினன் விடைபெறும்போது, “ஒரு தடவ ஆஸ்திரேலியாவுக்கு வாருங்க மாமி” என்றான்.

“அங்க பாக்க என்ன மக்கா உண்டு?”

அவன் பார்க், நூலகம், கரண்டு அடுப்பு, நீச்சல் குளம் எல்லாவற்றையும் நின்று நிதானமாகச் சொன்னான். மாமி கடைசிவரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இதப் பாக்கவாடே இவ்வளவு பைசா குடுத்து ஆளுவ அங்க போவினும்?”

நான் மாமியிடம் இன்னும் கொஞ்சம் சாளைக்கறி விடச் சொன்னேன். எனக்குத்தான்.